எந்தப் பக்கத்து ஆன்ட்டி?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறைக்க வேண்டிய காரணம் ஒன்றும் கிடையாது. ஆக்லாந்தின் ஹென்டர்சனில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த அந்த முதியோர் இல்லத்தில் பெயரைச் சொல்லி அவரை யாருமே கூப்பிட்டதில்லை. சட்டையில் குத்தியிருந்த பேட்ஜுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் தெரியும். இப்போது எழுதினால் வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல எனக்கே இருக்கும்.

ஃபிஜியிலிருந்து வந்த பராமரிப்புப் பெண்கள் அவரை "மௌசி" என்பார்கள். அம்மாவின் சகோதரி என்று அர்த்தம். மருந்துப் பெட்டிகள் கொண்டுவரும் பாகிஸ்தான் டிரைவர் "காலா" என்பார். அதுவும் அம்மாவின் சகோதரிதான். சமையலறையில் இருந்த ஆப்கான்காரர் அதோடு உயிரையும் சேர்த்து "காலா ஜான்" என்பார். நான் "மச்சாள்" என்று கூப்பிட்டேன். திண்டுக்கல்காரி வாயில் மச்சாள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவர் வரவைத்தார், வந்தது.

நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள். தேநீர் அறையில் உட்கார்ந்து, பக்கத்தில் மாசி என்ற புறநகரில் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார். குள்ளம், தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எப்போது வந்தீர்கள், விசா என்ன விசா, ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்கள் தமிழ் எண்டு சொன்னவை. உங்கட அம்மாவின்ட தம்பியை என்னெண்டு கூப்பிடுவியள்?"

"மாமா."

"அப்பாவின்ட தங்கச்சியை?"

"அத்தை. எதுக்குங்க கேக்குறீங்க?"

"நாங்கள் மாமி எண்டுவம். அம்மாவின்ட தங்கச்சி?"

"சித்தி."

"எங்களுக்குச் சின்னம்மா. சரி, நல்லது. தேத்தண்ணி ஊத்தட்டோ?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்டர்வியூ முடிஞ்சுதா? பாஸா, ஃபெயிலா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்களை என்னெண்டு கூப்பிடுறது எண்டுதான் யோசிக்கிறன். எங்கட ஊருக்கும் உங்கட ஊருக்கும் நடுவில கடல் கிடக்கு. ஒரே கரையில பிறந்திருந்தா நாங்கள் சகோதரியள். அந்தக்கரை இந்தக்கரை எண்டபடியால், நீங்கள் எனக்கு மச்சாள்."

அண்ணன் தம்பி பிள்ளைகள் உடன்பிறப்பு முறை, அண்ணன் தங்கை பிள்ளைகள் மச்சான் மச்சாள் முறை. அந்தக் கணக்கைக் கடலுக்குப் போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, ஏதோ ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிட்டது போலவும் இருந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு மச்சாள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மச்சாள் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தவர். கணவரோடு குவைத்துக்குப் போய் வெகு காலம் இருந்துவிட்டு, பிறகு இருவருமாக ஆக்லாந்து வந்தார்கள். கணவர் இங்கேதான் காலமானார். இல்லத்தில் மச்சாளுக்கு வேலை, முதியவர்களுக்குப் பொழுது போக்க வைப்பது. பாட்டு, பிங்கோ, தோட்டத்தில் நடை. நான்கைந்து மொழிகள் பேசுவார், ஒன்றையும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. குவைத்தில் அவர்கள் இருந்த கட்டடத்தில் கீழ்மாடியில் பாலஸ்தீனக் குடும்பம், எதிர்வீட்டில் ஈரானியர்கள், மேலே லாகூர்க்காரர்கள். "கறி குடுத்துச் சொல் வாங்கினனான்" என்பார். முதலில் வாங்கியதெல்லாம் சொந்தக்காரச் சொற்கள். அவருக்கு அதில் ஒரு பைத்தியமே இருந்தது. பைத்தியம் என்று சொன்னால் கோபிக்கமாட்டார். "விசர்தான், என்ன செய்ய?" என்று ஒத்துக்கொள்வார்.

அவருக்கு ஆகாத சொல் ஒன்றே ஒன்றுதான்: ஆன்ட்டி. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் ஊரில் உள்ள எல்லாப் பெண்களையும் ஆன்ட்டி என்கிற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள் அல்லவா? என் மகள் ஒருநாள் என்னைக் கூப்பிட வந்தபோது "ஹாய் ஆன்ட்டி" என்றாள். மச்சாள் அவளை நிறுத்தி வைத்து, ஆங்கிலத்தில் கேட்டார்: எந்தப் பக்கத்து ஆன்ட்டி? தாய்ப்பக்கமா, தகப்பன்பக்கமா? என் மகள் என்னைப் பார்த்து முழித்தாள். சலவை அறையில் வேலை செய்த சமோவாப் பெண் ஒருத்தி மட்டும்தான் அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னவள். "ரெண்டு பக்கமும்" என்றாளாம். மச்சாள் அதைப் பலநாள் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

முதலில் இதெல்லாம் வெறும் கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன்.

ஹெராத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி இருந்தார். சாப்பாடு வாயில் வைத்தால் துப்புவார், மாத்திரையை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். நாங்கள் எல்லோரும் தோற்றுப்போனோம். மச்சாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் "அம்மே ஜான்" என்றார். பாரசீகத்தில் அப்பாவின் சகோதரி. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார், முகத்தில் ஒரு மிடுக்கு வந்தது. மாத்திரை உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சிக் கிண்ணத்தோடு போனபோது "காலா ஜான்" என்றார், அம்மாவின் சகோதரி. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அதெப்படி, ஒரே ஆளுக்கு ரெண்டு முறையா என்று சண்டைக்குப் போனேன்.

"மருந்து குடிக்க வைக்கிறதெண்டா மாமி எண்டு மரியாதை குடுக்க வேணும், மச்சாள். சோறு தீத்துறதெண்டா சின்னம்மா எண்டு செல்லம் குடுக்க வேணும். உங்கட ஊரில எப்பிடி?"

எங்கள் ஊரிலும் அப்படித்தான். அத்தை வீட்டுக்குப் போனால் தலையைச் சீவிக்கொண்டு போவோம், சித்தி வீட்டுக்கு எழுந்தபடியே போவோம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் எனக்கே தெரியாமல் எனக்குத் தெரிந்திருந்தது. பாலைவனம் தாண்டி, மலை தாண்டி இருக்கிற ஒரு பாட்டிக்கும் அதே கணக்கு. அன்று மச்சாளைப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவரும் சறுக்கியதுண்டு. ஆக்லாந்தின் தெற்கே பாபடோயிட்டோயிலிருந்து ஒரு சர்தார்ஜி பெரியவர் வந்து சேர்ந்தார். மச்சாள் அவரை "சாச்சா ஜி" என்றார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மச்சாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நெற்றியில் அடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"ஐயோ மச்சாள், சாச்சா எண்டா சித்தப்பாவெல்லோ! அவர் வீட்டுக்கு மூத்த ஆள். பெரியப்பாவைப் போய்ச் சித்தப்பா எண்டிட்டன்!"

பஞ்சாபியில் பெரியப்பாவுக்கு "தாயா". "தாயா ஜி" என்றதும் பெரியவரின் தாடி முழுக்கச் சிரிப்பு. தன் வாழ்க்கையில் எத்தனை தம்பிகளைக் கரையேற்றினார் என்று அன்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தேநீர் இடைவேளைகள் எங்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான் போகும். ஆப்கான் சமையல்காரர் அம்மாவின் தம்பியை "மாமா" என்பார் என்று மச்சாள் சொன்னபோது நான் நம்பவில்லை. நேரே சமையலறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கரண்டியை நெஞ்சில் வைத்து "மாமா" என்றார், எங்கள் ஊர் மாமாவேதான், கொஞ்சமும் பிசகில்லை. காபூலுக்குப் பக்கத்தில் பிறந்தவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் தம்பிக்கு என்ன என்றேன். "காக்கா" என்றார். கலங்கின கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காதேங்கோ" என்றார் மச்சாள். "ஃபிஜிக்காரருக்கும் காக்கா சித்தப்பாதான். எங்கட மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம் ஆக்களுக்குக் காக்கா எண்டா அண்ணன். உங்களுக்குத்தான் பறக்கிற காக்கா."

ஈரானில் அம்மாவின் தம்பிக்கு "தாயீ". அதைக் கேட்டதும் நான் துள்ளினேன்: "பாத்தீங்களா, நம்ம தாய்மாமன்!"

"இல்லை மச்சாள். அந்தச் சொல்லு வேற வழியால வந்தது. சும்மா சத்தம் ஒத்துப் போகுது, அவ்வளவுதான்." சொல் விஷயத்தில் அவரை வளைக்க முடியாது. எனக்கு முகம் விழுந்ததைப் பார்த்து, "சத்தம் ஒத்தாலும் சந்தோசம்தானே" என்று ஒரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

அன்றுதான் அந்த அரபுச் சொல்லையும் சொன்னார்.

"அரபியில அப்பாவின்ட சகோதரி ஆர் தெரியுமோ? அம்மா."

"என்னது, அத்தை அம்மாவா?"

"அப்பிடிச் சொல்லக்கூடாது. அந்த அகரம் தொண்டையின்ட அடியில இருந்து வரவேணும். இல்லாட்டி அது எங்கட அம்மாவாப் போயிடும்." சொல்லிக் காட்டினார். அந்த எழுத்து அவருக்குள்ளே எங்கேயோ ஆழத்திலிருந்து ஏறி வந்தது. நானும் முயன்றேன். மீன்முள் சிக்கியவள் போலச் சத்தம் வர, பக்கத்து மேசை ஃபிலிப்பினோ நர்ஸ் தண்ணீர்க் குவளையோடு ஓடிவந்துவிட்டாள். மச்சாள் விடவில்லை. திரும்பச் சொல்லுங்கோ, தொண்டையில இருந்து, தொண்டையில இருந்து.

நான் தோற்று, மூச்சு வாங்கி, "போங்க மச்சாள், எனக்கு எங்க அம்மாவே போதும்" என்றேன். பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லை. எனக்கு எல்லாச் சொல்லும் கிடைச்சிட்டுது மச்சாள். மௌசி, காலா, மாமி, சின்னம்மா, நீங்கள் தாற மச்சாள். அந்த ஒரு சொல்லை மட்டும் ஆரும் தரேல்லை." குறையாகச் சொல்லவில்லை. கடையில் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் எழுந்து குவளைகளைக் கழுவப் போய்விட்டேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு மறக்காதது.

பஸ்ராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்கள் இல்லத்தில் இருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. அரபியிலும் சில சொற்கள்தான் மிச்சம். மச்சாளைக் கண்டால் மட்டும் "உக்தி" என்பார், என் சகோதரி. மச்சாள் அவரை "அகி" என்பார், என் சகோதரன். என்னைப் பார்த்தால் வாயே திறக்கமாட்டார். ஊசி போடுகிறவளுக்கு எந்த மொழியில்தான் சொந்தம் இருக்கிறது!

அவருக்கு ஒரே மகள். தாய் இந்த நாட்டுப் பெண். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தாய் அவளைத் தெற்குத் தீவுக்குக் கூட்டிப்போய் வளர்த்தாள். அரபி ஒரு சொல் தெரியாது. அப்பாவைப் பார்த்ததும் வளர்ந்த பிறகு சில தடவைகள்தான். அவருக்கு நோய் வந்த பின் அந்தத் தீவின் டனீடனிலிருந்து விமானத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். எப்போதும் சனி, ஞாயிறு. அந்த நாட்களில் மச்சாளுக்கு விடுமுறை. அதனால் மச்சாள் அவளைப் பார்த்ததே இல்லை.

ஒரு புதன்கிழமை காலை அவள் பெட்டியோடு வந்தாள். அப்பாவின் அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மருந்து வண்டியோடு நின்ற என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. மெல்போர்னில் வேலை கிடைத்திருக்கிறது, மாலை விமானம், இனி வரமாட்டேன் என்றாள்.

"அவருக்கு நான் யாருன்னே தெரியல. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து 'பாபா, பாபா'ன்னு சொல்றார். தேடிப் பார்த்தேன். பாபான்னா அப்பாவாம். என்னை அவரோட அப்பான்னு நினைச்சுக்கிட்டிருக்கார். மூணு வயசுல ஒரு தடவை அவரை இழந்தேன். இப்ப இருந்தும் இல்லை. வந்து வந்து இதைப் பார்க்க என்னால முடியல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூளையில் ரத்தம் உறைந்த மனிதர், எழுபது வருடம் பின்னால் போய்த் தன் அப்பாவைக் கூப்பிடுவதில் என்ன அதிசயம்? அவள் தோளைத் தொட்டேன். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளியே டாக்சி நின்றது.

அப்போதுதான் மச்சாள் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆர் அந்தப் பிள்ளை? அழுதுகொண்டு போகுது?" என்றார். சொன்னேன். பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"என்னெண்டு கூப்பிடுறார்? திருப்பிச் சொல்லுங்கோ."

"பாபான்னு."

"இந்தப் பிள்ளை வராத நாளில, வேற ஆரையும் பார்த்து, அவர் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டனீங்களோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ மச்சாள். விளையாட்டில்லை."

யோசித்தேன். டாக்டர் வருவார், சொன்னதில்லை. பிசியோதெரபிக்காரன், தாடி வைத்தவன், சொன்னதில்லை. தனியாகப் படுத்துப் புலம்பும்போதும் கேட்டதில்லை. மகள் வரும் நாட்களில் மட்டும்தான்.

"இல்ல மச்சாள். அவ வந்தா மட்டும்தான்."

தேநீர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு மச்சாள் ஓடினார். அந்த உருவம் ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நானும் பின்னாலேயே போனேன். டாக்சிக் கதவை அந்தப் பெண் சாத்தப் போகும்போது, மச்சாள் நடுவில் கையை வைத்தார். நசுங்கியிருக்கும், நல்லவேளை.

ஆங்கிலத்தில்தான் பேசினார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, அவர் தன்ர அப்பாவைக் கூப்பிடேல்லை. உன்னைத்தான் கூப்பிடுறார். அரபியில அப்பா தன்ர பிள்ளையைப் பாபா எண்டுதான் கூப்பிடுவார். அம்மா பிள்ளையை மாமா எண்டுவா. பிள்ளை தங்களை என்னெண்டு கூப்பிடுதோ, அதையே செல்லமாப் பிள்ளைக்குத் திருப்பிக் குடுக்கிறது அவையின்ட வழக்கம். நீ சின்னனில அவரைப் பாபா எண்டு கூப்பிட்டிருப்பாய். அதைத்தான் உனக்குத் திருப்பித் தாறார்."

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். "நீங்க நல்லவங்க. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க."

மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தை நான் அன்றுதான் பார்த்தேன். "எதில வேணுமெண்டாலும் நான் பொய் சொல்லுவன். சொல்லில பொய் சொல்லமாட்டன். வா, வந்து நீயே பார்."

டாக்சிக்காரரிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெரியவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். மச்சாள் குனிந்து, என்னைக் காட்டி, இது யார் என்று அரபியில் கேட்டார். பெரியவர் என்னைப் பார்த்தார், வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. மச்சாள் தன் நெஞ்சில் கை வைத்து, நான் யார் என்றார். "உக்தி." கதவோரம் நின்ற மகளைக் காட்டி, அது யார் என்றார்.

பெரியவரின் இடது கை எழுந்தது. விரல்கள் விரிந்தன. "பாபா" என்றார். "பாபா, பாபா." வா, வா என்று அந்தக் கை அழைத்தது.

"இப்ப நீ சொல்லு" என்றார் மச்சாள்.

அந்தப் பெண் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்தாள். அவர் காலடியில் போய் உட்கார்ந்தாள். "பாபா?" என்றாள். அவர், "பாபா" என்றார். அவள் மறுபடி "பாபா" என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்து "பாபா" என்றார். ஒரே சொல், அவளிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து அவளுக்கு. யார் அப்பா யார் பிள்ளை என்று கேட்டால் அந்த நேரத்தில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

எனக்கு அழுகை முட்டியது. மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டேன். பின்னாலேயே மச்சாள் வந்தார். அவர் முகமும் நனைந்திருந்தது.

"எங்கட அப்பாமார் மகளை அம்மா எண்டு கூப்பிடுறேல்லையோ மச்சாள்?" என்றார்.

திண்டுக்கல்லில் என் அப்பா போனை எடுத்தால் முதல் வார்த்தை "சொல்லும்மா"தான். நாற்பது வருடமாக அந்த அம்மாவைக் கேட்கிறேன், ஒரு நாள்கூட அது என் காதில் விழுந்ததில்லை. அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். "சொல்லும்மா" என்றார். சொல்ல ஒன்றுமில்லை என்று அழுதேன். பாவம், பயந்துவிட்டார்.

டாக்சி வெறுமனே போயிற்று. மெல்போர்ன் வேலையை அவள் வேண்டாமென்று எழுதிவிட்டாள். ஹென்டர்சனிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு தினமும் வந்தாள். அப்பாவைத் தோட்டத்தில் தள்ளிக்கொண்டு போவாள், மச்சாள் கூடவே நடப்பார். ஒருநாள் மச்சாளிடம், உங்களை நான் என்ன என்று கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டாள்.

"உன்ர அப்பா என்னை உக்தி எண்டுறார். அப்ப நான் உனக்கு ஆர்? கணக்கைப் போடு."

அவள் போட்டாள். அப்பாவின் சகோதரி. சொல்லையும் மச்சாளே கொடுத்தார். ஆனால் அந்தத் தொண்டை எழுத்து அவளுக்கு வரவே இல்லை. அவள் சொன்னால் அச்சு அசல் நம்முடைய அம்மாவாகத்தான் விழுந்தது. மச்சாள் ஒருபோதும் விடவில்லை. ரோஜாச் செடிகளுக்கு நடுவே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்: தொண்டையில இருந்து பிள்ளை, தொண்டையில இருந்து. அது சரியில்லை. திருப்பிச் சொல்லு.

குளிர்காலம் முடியும்போது பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து, பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் பெண்களெல்லாம் உட்கார்ந்திருந்தோம். ஈராக்கியப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர், கறுப்பு உடை, கையில் மணிமாலை, அந்தப் பெண்ணின் அருகே வந்து, உன் அப்பாவின் குடும்பத்தில் இங்கே யாருமே இல்லையா மகளே என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் ஒரு கணம் தலை குனிந்தாள்.

அவள் கையை நீட்டி, பக்கத்தில் இருந்த மச்சாளின் கையைப் பிடித்தாள்.

"இருக்காங்க. இது என் அம்மா."

நான் சடாரென்று திரும்பினேன். ஆங்கிலத்துக்கு நடுவே வந்த அந்த ஒரு சொல் என் காதில் தமிழாகத்தான் விழுந்தது. அந்த ஈராக்கிய அம்மாளின் காதில் அரபியாக விழுந்திருக்க வேண்டும். இறந்தவரின் சகோதரிக்குச் சொல்ல வேண்டிய துக்கத்தைச் சொல்லி மச்சாளைக் கட்டிக்கொண்டார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, மச்சாளின் கன்னத்தோடு கன்னம் வைத்து, உங்கள் சகோதரருக்காக என்றார்கள். மச்சாள் மறுக்கவில்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவள் போல, இல்லை, போல என்ன போல, உண்மையாகவே அப்படித்தான் அழுதார். அந்தப் பெண் கடைசி வரை அவர் கையை விடவில்லை.

மச்சாள் இப்போது சிட்னியில், தம்பி வீட்டில் இருக்கிறார். அந்தப் பெண் வருடா வருடம் போய்ப் பார்க்கிறாளாம்.

அடக்கத்தன்று திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். மச்சாள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மோட்டார்வேயில் ஏறியதும் கேட்டுவிட்டேன். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"மச்சாள், இன்னைக்கும் அவளுக்குத் தொண்டையில இருந்து வரல. நீங்க திருத்தவே இல்லையே?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏன் திருத்துறது? பிள்ளை சரியாத்தான் சொன்னவள்."